முத்தும் பவளமும்: பிள்ளைகளுக்கு நம் கடலைக் கற்றுக்கொடுப்போம்



அல்லாஹ் தன் அருட்கொடைகளை எண்ணிக் காட்டும் சூரா அர்ரஹ்மானின் 22-ஆம் வசனத்தில், கடல்களிலிருந்து வெளிப்படும் முத்தும் பவளமும் சொல்லப்படுகின்றன. அங்கு வரும் ‘மர்ஜான்’ என்ற சொல்லுக்குச் சிறு முத்து என்று பொருள் கொண்ட முஃபஸ்ஸிர்களும் உண்டு. பவளம் என்ற பொருளே பரவலாக அறியப்பட்டது. இந்த சூராவை மனனம் செய்த பிள்ளை நம் மஹல்லாவில் அநேகமாக வீட்டுக்கு ஒன்று இருக்கும். ஆனால் பவளங்கள் நம் கரைக்கு எதிரேயுள்ள தீவுகளைச் சுற்றி உயிரோடு வளர்கின்றன என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. மோதிரத்தில் பதிக்கும் சிவப்புப் பவளம் வேறு கடல்களில் கிடைப்பது. அதன் உறவினமான, பாறை கட்டும் பவளங்களே மன்னார் வளைகுடாவில் உள்ளவை.

வசனம் சொல்லும் இரண்டில் முத்தை நாம் ஏற்கெனவே இழந்துவிட்டோம். நம் முன்னோர் பல தலைமுறைகளாக முத்துக்குளித்தும் முத்து வணிகம் செய்தும் வாழ்ந்த இந்தக் கடலில், இந்தியக் கரையோரம் 1961-க்குப் பிறகு முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. இன்றைய பிள்ளைகளுக்கு அது வெறும் கதை. பவளமும் கதையாகிவிடக் கூடாது என்பதற்காகவே இக்கட்டுரை.

பவளப்பாறை என்பது என்ன?

கல் போலத் தெரிந்தாலும் அது உயிர். மிகச் சிறிய பவள உயிரிகள் லட்சக்கணக்கில் கூடி, கடல்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தை எடுத்துத் தங்களுக்கு வீடு கட்டிக்கொள்கின்றன. அவற்றின் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. சூரிய ஒளியில் அந்தப் பாசி தயாரிக்கும் உணவுதான் பவளத்துக்குப் பெரும்பகுதி ஆகாரம், நிறமும் அதனால்தான். உருண்டைப் பவளம் ஓர் ஆண்டில் ஓரிரு சென்டிமீட்டருக்கு மேல் வளர்வதில்லை. ஒரு நங்கூரம் ஒரு நிமிடத்தில் உடைப்பதை மீண்டும் கட்ட ஒரு தலைமுறை ஆகலாம்.

உலகக் கடல் பரப்பில் பவளப்பாறைகள் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆயினும் கடல்வாழ் உயிரினங்களில் ஏறக்குறைய கால் பங்கு அவற்றை நம்பியிருக்கிறது. மீன்குஞ்சு ஒளிந்து வளர்வதும், கரைக்கு வரும் அலையின் வேகம் தணிவதும் அங்கேதான்.

நம் கடலில் நடந்தது

இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள் இருந்தன. முயல் தீவு, மனோலி, அப்பா தீவு, நல்லதண்ணி என்று அவற்றின் பெயர்களைப் பெரியவர்கள் ஊர்ப் பெயரைப் போலச் சொல்வார்கள். அவற்றில் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் இன்று நீருக்குள் உள்ளன. பல ஆண்டுகள் பவளக்கல் சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் ஆலைகளுக்காகவும் வெட்டி எடுக்கப்பட்டது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

1986-இல் இப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாகவும், 1989-இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. 2001-இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அதன் பிறகு வெட்டுவது பெரும்பாலும் நின்றது. ஆனால் வெப்பம் கூடுகிறது. கடல்நீரின் சூடு வழக்கமான கோடை அளவைவிட ஒரு டிகிரி கூடிச் சில வாரங்கள் நீடித்தாலே பவளம் தன்னுள் இருக்கும் பாசியை வெளியேற்றி வெளுத்துவிடும். நீர் விரைவில் குளிர்ந்தால் மீளும். இல்லையேல் பட்டினியால் மடியும். நம் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் பெருமளவில் பவளங்கள் வெளுத்தன.

பிள்ளைகள் கேட்கும் கேள்வி

“தீவுப் பக்கம் போகக் கூடாது என்றால் வாப்பா எப்படிச் சம்பாதிப்பார்?” சங்கு குளிப்பவரின் பிள்ளை இப்படிக் கேட்டால் அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. கடல் பாதுகாப்பு என்றாலே வழக்கு, அபராதம், படகு பறிமுதல் என்று கேட்டு வளர்ந்த பிள்ளை அது. வாழ்வாதாரத்துக்கு மாற்று வழி கேட்பது நம் உரிமை. ஜமாஅத்துகள் அதற்காகத் தொடர்ந்து குரல் கொடுக்க வேண்டும். அதே நேரத்தில், குஞ்சு பொரிக்கும் இடத்தைக் காத்தால்தான் வெளியே வலையில் மீன் விழும் என்பதையும் பிள்ளைக்கு விளக்க வேண்டும்.

இது மார்க்கத்துக்குப் புதிதல்ல. ரசூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் மேய்ச்சல் நிலத்தை ‘ஹிமா’ என்று ஒதுக்கிப் பாதுகாத்தார்கள். மதீனாவைச் சுற்றி மரம் வெட்டுவதையும் வேட்டையையும் தடுத்தார்கள். ஆப்பிரிக்காவின் சான்சிபார் பகுதியிலுள்ள மிசாலி தீவின் பவளப்பாறைகளில், முஸ்லிம் மீனவர்கள் சிலர் வெடி வைத்து மீன் பிடித்துவந்தனர். 1990-களின் இறுதியில், இலங்கையில் பிறந்த அறிஞர் ஃபஸ்லுன் காலித் முதலானோர் குர்ஆனின் அடிப்படையில் அம்மக்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தினர். அதிகாரிகளின் தடைக்கு இணங்காத பலர், இது அல்லாஹ்வின் படைப்பு, நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானத் என்று உணர்ந்தபோது இணங்கினார்கள்.

வகுப்பில் செய்து காட்டலாம்

மதரஸா உஸ்தாதும் பள்ளி ஆசிரியரும் எளிதில் செய்யக்கூடியவை சில:

1. கரையில் ஒதுங்கிய கிளிஞ்சலை வினிகரில் போட்டு மறுநாள் பார்க்கச் சொல்லுங்கள். அது ஓரளவு கரைந்திருக்கும். புகையிலுள்ள கரியமில வாயுவைக் கடல் உறிஞ்சி அமிலத்தன்மை கூடும்போது சுண்ணாம்பு வீடுகளுக்கு வரும் ஆபத்து இதிலிருந்து புரியும். கடல்நீர் வினிகர் அளவுக்குப் புளிப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

2. ஒரு கண்ணாடி டம்ளரில் தெளிந்த நீர், மற்றொன்றில் சேற்று நீர். இரண்டின் பின்னாலும் டார்ச் அடியுங்கள். ஒளி இல்லாமல் பாசி எப்படிப் பிழைக்கும் என்று பிள்ளைகளே பதில் சொல்வார்கள்.

3. கடற்கரையில் நூறு அடி நீளத்துக்குக் கிடக்கும் பிளாஸ்டிக் பை, அறுந்த வலை, தெர்மோகோல் ஆகியவற்றை எண்ணி எழுதி, மூன்று மாதம் கழித்து மீண்டும் எண்ணட்டும்.

4. சங்கு குளித்த பெரியவர் ஒருவரையும் பாசி சேகரிக்கும் பெண் ஒருவரையும் வகுப்புக்கு அழையுங்கள். எந்தப் பாறை எப்படி இருந்தது என்பது புத்தகத்தைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

பாடத்தோடு சூரா அர்ரூமின் 41-ஆம் வசனத்தையும் தஃப்ஸீருடன் சொல்லிக்கொடுக்கலாம். மனிதர்களின் கைகள் தேடிக்கொண்டதால் தரையிலும் கடலிலும் சீர்கேடு தோன்றியதை அது நினைவூட்டுகிறது.

வீட்டில் நாம்

பிள்ளை வகுப்பில் கற்றதை வீடு பொய்யாக்கக் கூடாது. ஷோகேஸில் வைக்கப் பவளத்துண்டு வாங்குவதும் வெளியூர் உறவினருக்குக் கொடுத்தனுப்புவதும் சட்டப்படி குற்றம். கந்தூரி, கல்யாண விருந்து முடிந்து பிளாஸ்டிக் டம்ளர்களை ஓடையில் கொட்டினால் அவை கடலுக்கே போய்ச் சேரும். படகு வைத்திருப்போர் பாறை மேல் நங்கூரம் போடாமல் மணல் தரையில் போடலாம். கிழிந்த வலையைக் கடலில் விடாமல் கரைக்குக் கொண்டுவரலாம். ஒரு பறவை தின்னும்படி மரம் நடுவதே ஸதக்கா என்றால், ஆயிரம் மீன்களின் வீட்டை உடையாமல் காப்பதற்கும் கூலி உண்டு என்று ஆதரவு வைப்போம்.

மக்தப் வகுப்புகளில் மாதம் ஒரு மணி நேரத்தைக் கடலுக்கு ஒதுக்க அறக்கட்டளை விரும்புகிறது. பாடம் எடுக்க முன்வரும் ஆசிரியர்களும், கடல் அனுபவம் உள்ள பெரியவர்களும் ஜும்ஆவுக்குப் பிறகு அலுவலகத்தில் பெயர் கொடுக்க வேண்டுகிறோம்.

அல்லாஹ் தந்த நிஃமத்துகளைப் பேணி அடுத்த தலைமுறையிடம் குறையாமல் ஒப்படைக்கும் தவ்ஃபீக்கை நம் அனைவருக்கும் தருவானாக. ஆமீன்.

— செயலாளர்