மூன்றாவது ஊசியும் இரண்டு கேள்விகளும்

“எங்க அண்ணன் சிங்கப்பூருல வருசத்துக்கு ஒரு தடவை கொரோனா ஊசி போட்டுக்கிறாரு. எனக்கு மட்டும் ஏன் யாரும் போடச் சொல்லல டாக்டர்?” நாகல் நகரிலிருந்து சர்க்கரை நோய்ப் பரிசோதனைக்கு வந்திருந்த 68 வயது அம்மையார் ஒருவர் எங்களிடம் கேட்டது இது. அன்று மதியமே, வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலை ஒன்றில் பணிபுரியும் இளைஞர் ஒருவர் அதே நாற்காலியில் அமர்ந்து, “மூணாவது ஊசி போட்டதாலதான் நெஞ்சு படபடன்னு அடிக்குதா சார்?” என்று கேட்டார். ஒருவருக்கு ஊசி கிடைக்கவில்லையே என்ற குறை. மற்றவருக்குப் போட்டுக்கொண்டோமே என்ற அச்சம். இவ்விரண்டும் இன்றும் வாரந்தோறும் எங்கள் வெளிநோயாளர் பிரிவுக்கு வருகின்றன. வரிசையில் நிற்கும் பிறரையும் மனத்தில் கொண்டு அவசரமாகச் சொல்லும் பதில் அவற்றுக்குப் போதாது என்பதால், இந்த இதழில் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில், நடந்ததை நினைவுபடுத்திக்கொள்வோம். நம் நாட்டில் கொரோனா தடுப்பூசிப் பணி 2021 ஜனவரி 16 அன்று தொடங்கியது. மூன்றாவது தவணை, ‘முன்னெச்சரிக்கைத் தவணை’ என்ற பெயரில் 2022 ஜனவரி 10 முதல் மருத்துவப் பணியாளர்கள், முன்களப் பணியாளர்கள், இணைநோய் உள்ள 60 வயதைக் கடந்தோர் ஆகியோருக்கு வழங்கப்பட்டது. (அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி உள்ளிட்ட 11 புதிய கல்லூரிகள் தமிழகத்தில் திறந்துவைக்கப்பட்டன, ஒமிக்ரான் அலையின் நடுவே நிகழ்ந்த திறப்பு அது.) ஏப்ரல் 10 முதல் 18 வயது நிரம்பிய எவரும் தனியார் மையங்களில் பணம் செலுத்திப் போட்டுக்கொள்ளலாம் என்றானது. ஊசியின் விலை 225 ரூபாய். சேவைக் கட்டணம் 150 ரூபாய்க்கு மிகக் கூடாது. பிறகு ஜூலை 15 முதல் 75 நாள்களுக்கு, 18 முதல் 59 வயது வரையிலானோருக்கும் அரசு மையங்களில் இலவசமாகப் போடப்பட்டது. இரண்டாம் தவணைக்கும் மூன்றாம் தவணைக்கும் இடையே முதலில் 9 மாதம் வேண்டும் என்றிருந்தது, அந்த ஜூலையில் 6 மாதமாகக் குறைந்தது.

தாளில் இது ஒழுங்காகத் தோன்றுகிறது. நம் ஊர் மக்கள் பட்ட அனுபவம் வேறு. 2021 மே, ஜூன் மாதங்களில் விடியற்காலையிலேயே டோக்கனுக்கு வரிசையில் நின்ற மக்கள், மூன்றாவது ஊசிக்கு வரவில்லை. இரண்டாம் அலையின் மரணங்கள் கண்முன் இருந்தபோது தோன்றிய வேகம், ஒமிக்ரான் பலருக்கும் மூன்று நாள் காய்ச்சலாக வந்து போனபின் அடங்கிவிட்டது. கூட்டம் குறைந்ததால் இன்னொரு சிக்கலும் முளைத்தது. கோவிஷீல்டு குப்பி ஒன்றில் 10 பேருக்கான மருந்து இருக்கும். திறந்தால் நான்கு மணி நேரத்துக்குள் அதைத் தீர்த்துவிட வேண்டும். மூவரோ நால்வரோ மட்டும் வந்த நாள்களில், மருந்து வீணாகுமே என்று குப்பியைத் திறக்கச் செவிலியர் தயங்கினர். சின்னாளபட்டியைச் சேர்ந்த முதிய நெசவாளர் ஒருவர் இரண்டு முறை பேருந்தேறி ஒரு மையத்துக்குப் போய், இரண்டு முறையும் “நாளைக்கு வாங்க ஐயா, ஆள் சேரட்டும்” என்று திருப்பி அனுப்பப்பட்டாராம். மூன்றாம் முறை அவர் போகவில்லை. தறியை நிறுத்திவிட்டு வருபவரின் அரைநாள் கூலியை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. ஊசியை வீணாக்கக் கூடாது என்ற விதி நல்ல விதிதான். ஆனால் திரும்பிப் போன அந்த முதியவரும் ஒரு வீணான தவணையே என்பது எங்கள் கருத்து.

கூலியைப் பற்றிப் பேசும்போது ஊசிக்குப் பிந்தைய நாளையும் சொல்ல வேண்டும். கை வலி, உடல் அசதி, லேசான காய்ச்சல், தலைவலி ஆகியவை பலருக்கு ஓரிரு நாள் இருந்தன. இவை உடலின் எதிர்ப்பாற்றல் விழித்துக்கொண்டதன் அறிகுறிகள். பாரசிட்டமால் மாத்திரையும் ஓய்வும் போதும். ஆனால் ஓய்வு என்பது மாதச் சம்பளக்காரருக்கு எளிது. நிலக்கோட்டைப் பூச்சந்தைக்கு விடியுமுன் கூடை சுமப்பவருக்கும், ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மூட்டை இறக்குபவருக்கும் அது ஒரு நாள் வருமானம். ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்த மெகா தடுப்பூசி முகாம்கள் 2021 அக்டோபரில் சனிக்கிழமைக்கு மாற்றப்பட்டதையும் சிலர் நினைவில் வைத்திருப்பர். ஞாயிறன்று கறியும் மதுவும் உண்டு என்பதால் பலர் ஊசிக்குத் தயங்கினர் என்பதே அன்று சொல்லப்பட்ட காரணம். பிரியாணிக்குப் பெயர்போன ஊரில் இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம்: ஊசி போட்ட நாளில் கறி சாப்பிடுவதால் ஒரு கேடும் இல்லை. மது வேறு, காய்ச்சலும் நீரிழப்பும் சேரும் நாளில் அது வேண்டாம்.

இனி, ஒரு முறை போட்ட ஊசி ஏன் ஆயுளுக்கும் போதவில்லை என்ற கேள்வி. தடுப்பூசி உடலுக்குள் இரண்டு வகைக் காவலை உண்டாக்குகிறது. ஒன்று, குருதியில் சுற்றிவரும் எதிர்ப்பொருள்கள். கிருமி மூக்கிலும் தொண்டையிலும் ஒட்டுவதற்கு முன்னரே அதை மடக்குபவை. இவை சில மாதங்களில் குறையத் தொடங்குகின்றன. மற்றொன்று, கிருமியை நினைவில் வைத்திருக்கும் அணுக்கள். அவை நெடுங்காலம் நிலைத்து, தொற்று ஏற்பட்டபின் அது நுரையீரல் வரை முற்றாமல் தடுக்கின்றன. ஊசி போட்டும் சளியும் காய்ச்சலும் வந்ததே என்று சலித்துக்கொள்வோர், ஆக்சிஜன் தேவைப்படாமல் வீடு திரும்பியதை எண்ணிப் பார்ப்பதில்லை. இத்துடன் கிருமியும் மாறிக்கொண்டே இருக்கிறது. திண்டுக்கல்லில் பூட்டை உவமை சொல்லாமல் முடியாது: பூட்டின் உள்ளமைப்பைச் சிறிது மாற்றினாலும் பழைய சாவி தடுமாறும். கிருமியின் மேற்பரப்பில் உள்ள முள் போன்ற புரதம் மாறும்போது பழைய எதிர்ப்பொருள்களும் அவ்வாறே தடுமாறுகின்றன. அதனால்தான் சில நாடுகளில் புதிய வகைக்கேற்பத் திருத்திய ஊசி காலந்தோறும் போடப்படுகிறது. சிங்கப்பூரில் 60 வயதைக் கடந்தோருக்கு ஏறத்தாழ ஆண்டுக்கு ஒரு முறை பரிந்துரைக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 75 வயதைக் கடந்தோருக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை. நம் நாட்டில் அவ்வாறு ஆண்டுதோறும் போடும் திட்டம் இல்லை. அந்த அம்மையாரை யாரும் ‘போடச் சொல்லாத’ காரணம் இதுவே. அவரை எவரும் மறந்துவிடவில்லை.

அச்சத்தின் பக்கம் வருவோம். தமிழ்நாட்டில் தடுப்பூசி அச்சத்துக்கு ஒரு தேதியே உண்டு. நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று சென்னையில், மக்களுக்கு ஊக்கமளிக்கும் நோக்குடன் வெளிப்படையாக ஊசி போட்டுக்கொண்டார், மறுநாள் மாரடைப்பு, 17 அன்று காலமானார். தடுப்பூசிக்குப் பிந்தைய பாதகங்களை ஆராயும் தேசியக் குழு, ஊசிக்கும் அவர் மரணத்துக்கும் தொடர்பில்லை, இரண்டும் அடுத்தடுத்து நேர்ந்தவை மட்டுமே என்று அவ்வாண்டு அக்டோபரில் தெரிவித்தது. ஆனால் அதற்குள் ஆறு மாதம் கடந்திருந்தது. மூன்றாவது ஊசிக்கு அழைத்தபோது எங்கள் காதில் விழுந்த பெயர்களில் அவருடையதே முதன்மையானது.

2024இல் வேறொரு செய்தி வந்தது. கோவிஷீல்டு எந்த மருந்தின் இந்தியத் தயாரிப்போ அந்த ஆஸ்ட்ராசெனகா ஊசி, மிக அரிதாக, குருதித் தட்டணுக்கள் குறைந்து இரத்தம் உறையும் ஒரு நிலையை உண்டாக்கலாம் என்று அந்நிறுவனம் இங்கிலாந்து நீதிமன்ற ஆவணத்தில் ஒப்புக்கொண்டது என்பதே அது. இதை நாங்கள் மறைக்கவோ மழுப்பவோ விரும்பவில்லை. அந்தப் பாதகம் உண்மையானது. மருத்துவ உலகம் அதை 2021லேயே அறிந்திருந்தது. ஆனால் அது ஊசிக்குப் பின் சில வாரங்களுக்குள் தலைகாட்டும் நோய். பெரும்பாலும் முதல் தவணையை ஒட்டியது. ஆண்டுகள் கழித்து வருவதன்று. 2022இல் ஊசி போட்டவர் இன்று அதற்காக இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டியதில்லை. சில ஆய்வகங்கள் இதற்கென்றே பரிசோதனைகளை எழுதித் தருவதைக் காண்கிறோம். பணத்தை வீணாக்க வேண்டாம்.

இளைஞர்களின் திடீர் மரணங்கள் பற்றி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 18 முதல் 45 வயது வரையிலானோரிடையே 19 மாநிலங்களில் 47 மருத்துவமனைகள் வாயிலாக ஆய்வு செய்து 2023இல் வெளியிட்டது. தடுப்பூசி அத்தகைய மரண அபாயத்தைக் கூட்டவில்லை என்பதே அதன் முடிவு. குடும்பத்தில் முன்னர் நிகழ்ந்த திடீர் மரணம், மரணத்துக்கு முந்தைய நாள்களில் அளவு மீறிய குடி அல்லது கடும் உடலுழைப்பு, முன்னர் கொரோனாவுக்காக மருத்துவமனையில் சேர்ந்திருந்தது ஆகியவையே அபாயத்தோடு தொடர்புற்றிருந்தன.

புள்ளிவிவரங்கள் ஒரு குடும்பத்தின் துயரத்துக்கு விடையாகா என்பதும் எங்களுக்குத் தெரியும். இரண்டு குடும்பங்களை எங்களால் மறக்க இயலவில்லை. ஒன்று: சிறுநீரக நோயால் அவதியுற்ற தந்தைக்கு மூன்றாவது ஊசி வேண்டாம் என்று தடுத்த மகள். “ரெண்டு ஊசி போதும்ப்பா, ஒடம்பு தாங்காது” என்று அன்பினால் சொன்னது. பின்னர் வந்த தொற்றில் அவர் எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து திரும்பவில்லை. மற்றொன்று: தாயை வற்புறுத்தி அழைத்துச் சென்று ஊசி போடவைத்த மகன், ஐந்து வாரம் கழித்து அந்த அம்மாவுக்கு மாரடைப்பு. இருவரும் எங்களிடம் கேட்டது ஒரே கேள்வி: “என்னாலதானா?”

மகளிடம் நாங்கள் சொன்னது: மூன்றாவது ஊசி அபாயத்தைக் குறைத்திருக்கும், ஆனால் அவர் பிழைத்திருப்பார் என்று எவராலும் உறுதி கூற இயலாது, அவருடைய சிறுநீரகமும் இதயமும் முன்னரே தளர்ந்திருந்தன. மகனிடம் சொன்னது: அம்மாவுக்குப் பதினைந்து ஆண்டுகளாக இரத்த அழுத்தமும் சர்க்கரையும் இருந்தன, அந்த வயதில், அந்த நோய்களோடு வாழ்வோரில் எந்த ஐந்து வாரத்தை எடுத்தாலும் சிலருக்கு மாரடைப்பு நேரும். கோடிக்கணக்கானோர் ஊசி போட்டுக்கொள்ளும்போது, அவர்களுள் சிலருக்கு வேறு காரணங்களால் வரும் நோய் ஊசியை அடுத்து வந்ததாகவே தோன்றும். மகன் தலையசைத்தார், அவர் ஏற்றுக்கொண்டாரா என்பதை நாங்கள் கேட்கவில்லை. அன்பின் பொருட்டு எடுத்த முடிவைக் குற்றமாக எண்ணிச் சுமந்து திரிவோர் இந்த மாவட்டத்தில் இன்னும் பலர் இருப்பர். அவ்வாறு இருப்பின், தயங்காமல் வந்து எங்களிடம் பேசுங்கள். நோயாளி இப்போது இல்லை என்பதால் உங்கள் கேள்வி முடிந்துவிடுவதில்லை.

நூற்பாலை இளைஞரின் படபடப்புக்கு வருவோம். அவர் 2022 ஆகஸ்டில் இலவச முகாமில் ஊசி போட்டவர். படபடப்பு தொடங்கியதோ இரண்டு மாதத்துக்கு முன். ஈசிஜி எடுத்தோம், இதயம் வேகமாகத் துடித்தது, வேறு கோளாறு இல்லை. கை நடுக்கமும் எடை குறைவும் இருந்ததால் தைராய்டு பரிசோதித்தோம், சுரப்பு மிகுந்திருந்தது. மாத்திரை தொடங்கியிருக்கிறோம். ஊசியின் மேல் பழியைப் போட்டு அவர் இன்னும் ஓராண்டு வீட்டிலேயே இருந்திருந்தால், குணப்படுத்தக்கூடிய நோய் இதயத்தைப் பாதித்திருக்கும். எங்களுக்கு உண்மையில் கவலை தருவது இதுதான். ‘ஊசியாலதான்’ என்ற விடை கிடைத்துவிட்டால், வேறு காரணத்தைத் தேடுவதை மக்கள் நிறுத்திவிடுகிறார்கள்.

எந்தத் தடுப்பூசிக்கு வந்தாலும் எங்கள் நோயாளிகள் சிலவற்றைச் செவிலியரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். டயாலிசிஸ் செய்துகொள்வோர், ஃபிஸ்டுலா உள்ள கையில் ஊசி போட விடாதீர்கள். மார்பகப் புற்றுநோய் அறுவை செய்தவர்கள் மறுபக்கக் கையைக் காட்டுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்போர் அதை நிறுத்த வேண்டியதில்லை. ஊசி போட்ட இடத்தை இரண்டு நிமிடம் தேய்க்காமல் அழுத்திப் பிடித்தால் போதும். சர்க்கரை நோயாளிகளுக்குக் காய்ச்சலின்போது ஓரிரு நாள் சர்க்கரை ஏறலாம், அளந்து பாருங்கள். முன்பு ஏதேனும் ஊசிக்கு உடல் முழுதும் தடிப்போ மூச்சுத்திணறலோ வந்திருந்தால் அதை மறைக்காதீர்கள். ஊசிக்குப் பின் அரை மணி நேரம் உட்கார வைப்பது அதற்காகவே. பேருந்து போய்விடும் என்று எழுந்து ஓடாதீர்கள்.

நாகல் நகர் அம்மையாருக்கு அன்று நாங்கள் சொன்னது இதுதான். கொரோனா இப்போது ஒரே பருவத்தில் வருவதில்லை. 2023இல் ஏப்ரலை ஒட்டியும் 2025இல் மே, ஜூன் மாதங்களிலும் தலைதூக்கியது. ஆகவே காய்ச்சலும் இருமலும் வந்தால் ‘மழைக்காலச் சளி’ என்று கஷாயத்தோடு நின்றுவிடாமல், மூச்சு வாங்கத் தொடங்குமுன் வர வேண்டும். திருத்திய கொரோனா ஊசி அவரைப் போன்றோருக்கு எப்போது கிடைத்தாலும் தெரிவிப்போம். அதுவரை, ஆண்டுதோறும் போடக்கூடிய இன்ஃபுளூயன்சா ஊசி இருக்கிறது. ஐப்பசி மழைக்கு முன்னர் போட்டுக்கொள்வது நல்லது. நிமோனியாவுக்கான ஊசியும் உண்டு. அது ஆண்டுதோறும் தேவைப்படுவதில்லை.

“அப்ப அண்ணன்கிட்ட என்னன்னு சொல்றது?” என்றார். நீங்கள் ஃபுளூ ஊசி போட்டுக்கொண்டதைச் சொல்லுங்கள், அவர் போட்டுவிட்டாரா என்றும் கேளுங்கள் என்றோம். அன்றே போட்டுக்கொண்டு, அரை மணி நேரம் முழுதாக உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.