சொரியாசிஸும் உடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்களும்

சித்த மருத்துவத்தில் காளாஞ்சகப்படை எனப்படும் சொரியாசிஸ் ஒட்டுவாரொட்டி நோய் அன்று. மேல்தோலில் ஒரு செல் உருவாகி உதிர வழக்கமாக ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். சொரியாசிஸ் தாக்கிய இடத்தில் இந்தச் சுற்று ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடுகிறது. முதிராத செல்கள் அடுக்கடுக்காகத் தேங்கி வெள்ளிநிறச் செதிலாகின்றன. செதிலைச் சுரண்டினால் அடியில் குண்டூசி முனை அளவுக்கு ரத்தப் புள்ளிகள் அரும்பும். இந்த அவசரத்தைத் தூண்டுவது நோய் எதிர்ப்பு மண்டலம், குறிப்பாக அது சுரக்கும் இன்டர்லியூக்கின் 17, 23 ஆகியவை. இதற்கான மரபணு இருந்தும் பெரும்பாலோருக்கு நோய் வருவதில்லை. வேறு ஏதோ ஒன்று தூண்ட வேண்டும். பாக்டீரியா மீது சந்தேகம் விழுவது இங்கேதான்.

தொண்டைப் புண்ணும் துளிப் படையும்

மிக வலுவான சான்று கிடைத்திருப்பது தொண்டையில். சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் தொண்டைப் புண் வந்து இரண்டு மூன்று வாரத்தில் முதுகிலும் வயிற்றிலும் துளித்துளியாகச் சிவப்புப் புள்ளிகள் திடீரெனக் கிளம்புவதுண்டு. இதற்குத் துளிச் சொரியாசிஸ் என்று பெயர். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவின் மேலுறையில் உள்ள எம் புரதத்தின் சில பகுதிகள் தோலின் கெரட்டின் 17 புரதத்தை ஒத்திருக்கின்றன. டான்சிலில் இந்தக் கிருமியை எதிர்க்கப் பழகிய டி செல்கள், தோலுக்கு வந்ததும் சொந்தப் புரதத்தையே பகையாக எண்ணித் தாக்குகின்றன என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம்.

ஐஸ்லாந்தில் இது நேரடியாகச் சோதிக்கப்பட்டது. தொண்டைப் புண் வரும்போதெல்லாம் படை அதிகரித்த 29 பேரில் 15 பேருக்கு டான்சில் அகற்றப்பட்டது. அவர்களில் 13 பேருக்கு நீடித்த முன்னேற்றம் தெரிந்ததாக 2012இல் ஆய்வாளர்கள் எழுதினர். சிறிய ஆய்வுதான். எல்லாச் சொரியாசிஸ் நோயாளிகளும் டான்சிலை எடுத்துக்கொள்ளலாம் என்று இதற்குப் பொருளில்லை. ஆன்டிபயாட்டிக் மாத்திரை தொண்டைக் கிருமியை ஒழிக்கும். தோலின் புள்ளிகளையும் மறைய வைக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை.

தோலின் மேல்

எக்சிமாத் தோலில் அடிக்கடி சீழ் பிடிக்கும். சொரியாசிஸ் தோல் வெடித்துச் செதில் உதிர்ந்தாலும் அவ்வளவாகச் சீழ் பிடிப்பதில்லை. கிருமிகளைக் கொல்லும் சிறு புரதங்களை அது ஏராளமாகச் சுரப்பதே காரணம். வினோதம் என்னவென்றால், அவற்றுள் ஒன்றான எல்.எல். 37, சிதைந்த செல்களின் டி.என்.ஏ.வோடு சேர்ந்து நோய் எதிர்ப்புச் செல்களை உசுப்பிவிடுகிறது. காவலே கலகத்துக்கு எண்ணெய் ஊற்றுகிறது.

செதில் படிந்த இடத்தில் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் கூடுவதாகவும், வழக்கமாகக் குடியிருக்கும் க்யூட்டிபாக்டீரியம் குறைவதாகவும் பல ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால், மாதிரியைப் பஞ்சால் துடைத்து எடுத்தால் ஒரு முடிவும், தோலைத் துண்டாக வெட்டி எடுத்தால் வேறொரு முடிவும் வருவதுண்டு.

குடலில்

குடலில் ஃபீக்கலிபாக்டீரியம், அக்கர்மான்சியா ஆகியவை சொரியாசிஸ் நோயாளிகள் பலரிடம் குறைந்திருப்பது தெரியவந்துள்ளது. முதலாவது, நார்ச்சத்தை நொதிக்கவைத்து அழற்சியைத் தணிக்கும் பியூட்டிரேட்டைத் தருவது. இந்தக் குறைவு நோய்க்குக் காரணமா, நோயின் விளைவா, உடற்பருமனும் உணவும் செய்த வேலையா என்பது இன்னும் பிரித்தறியப்படவில்லை.

தோலும் குடலும் ஒரே விதிக்கு அடங்குவதுமில்லை. இன்டர்லியூக்கின் 17ஐத் தடுக்கும் செகுகினுமாப் ஊசி சொரியாசிஸை நன்கு தணிக்கிறது. அதையே கிரோன் என்னும் குடல் அழற்சி நோய்க்குக் கொடுத்துப் பார்த்தபோது பலன் தரவில்லை, சிலருக்கு நோய் கூடியது.

சிகிச்சை முயற்சிகள்

புரோபயாடிக் மாத்திரைகளைக் களிம்போடு சேர்த்துக் கொடுத்த சில சிறு ஆய்வுகளில் பலன் தெரிந்திருக்கிறது. வழக்கமான மருந்தை நிறுத்திவிட்டு அவற்றை மட்டும் நம்பும் அளவுக்கு அது போதாது. டென்மார்க்கில் சொரியாசிஸ் மூட்டுவாதம் உள்ள 31 பேரிடம், ஆரோக்கியமானவரின் மலத்திலிருந்து குடல் பாக்டீரியாக்களை எடுத்துச் செலுத்தும் முறை சோதிக்கப்பட்டது. போலிச் சிகிச்சை பெற்றவர்களைவிட உண்மைச் சிகிச்சை பெற்றவர்களிடமே தோல்வி அதிகம்.