சிவவாக்கியரும் செவி கொடுத்தோரும்

திருச்சிராப்பள்ளியிலிருந்து காவிரியைக் கடந்து திருவரங்கம் செல்லும் மாணவர்கள், திருமழிசையாழ்வாரின் திருச்சந்தவிருத்தத்தை அங்கே கேட்டிருக்கலாம். 120 பாக்கள், அவற்றுள் அரங்கனைப் பாடுவனவும் உண்டு. கற்சிலை வழிபாட்டையும் சாதியையும் எள்ளிய சித்தர் சிவவாக்கியரின் பாடல்களுள் மிகப் பல இதே துள்ளுசந்தத்தில் அமைந்தவை.

அவ்வெள்ளலைக் கேட்ட பக்தர்கள் யாது செய்தனர்? சிவவாக்கியரே பின்னர் மனம் மாறித் திருமழிசையாழ்வார் ஆனார் எனக் கதை கட்டினர்! ஓசை ஒன்றாயின் பாடியவரும் ஒருவரே எனச் செவி தீர்ப்பளித்தது போலும். சிவவாக்கியரின் மொழிநடையோ ஆழ்வாருக்குப் பல நூற்றாண்டு பிந்தியது என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து.

இருபதாம் நூற்றாண்டில் பகுத்தறிவாளர் அதே பாடல்களை மேடையில் சான்று காட்டினர். சிவனைத் தம் உள்ளத்தே கண்டதாக அச்சித்தர் பாடிய பாக்களை இரு சாராருமே விரைந்து கடந்துவிட்டனர் என்றே எனக்குத் தோன்றுகிறது.