பத்துக்குப் பத்து அறையில் ஒரு பளுப்பயிற்சிக் கூடம்

மனிதத் தசை, தான் பழகிய சுமையைவிடச் சற்றுக் கூடுதலான சுமையைத் திரும்பத் திரும்பச் சந்திக்கும்போதுதான் வலுவடைகிறது. பழகிய சுமையையே ஆண்டுக்கணக்கில் தூக்கிக்கொண்டிருந்தால், இருக்கும் வலு குறையாமல் நிற்குமே தவிர வளராது. வலுப்பயிற்சி என்று இன்று அழைக்கப்படும் முறை முழுவதும் இந்த அடிப்படையின்மீதே நிற்கிறது. 1940களில் அமெரிக்க இராணுவ மருத்துவராயிருந்த தாமஸ் டிலோர்ம், காயமுற்ற வீரர்களின் மெலிந்த தொடைத் தசைகளை மீட்பதற்கு, இலேசான எடையைப் பலமுறை தூக்கவைக்கும் அன்றைய வழக்கத்தை விட்டுவிட்டு, கனமான எடையைச் சிலமுறை தூக்கவைத்து, வலு கூடக்கூட எடையையும் கூட்டிக்கொண்டே போனார். 1945இல் அவர் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை, பளுதூக்குவோர் அனுபவத்தில் அறிந்திருந்த இந்த முறைக்கு மருத்துவ உலகில் இடம் தேடித் தந்தது.

அந்த முறை இளைஞர்களுக்கு மட்டும் உரியதன்று. 1990இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், முதியோர் இல்லத்தில் வாழ்ந்த, சராசரி வயது 90 ஆன தளர்ந்த முதியவர்கள் பத்துப் பேரைக்கொண்டு எட்டு வாரம் நடத்தப்பட்ட ஆய்வொன்றில், பயிற்சியை முடித்த ஒன்பது பேரின் கால்வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளும், நடைப்பயிற்சி போன்றவற்றோடு, உடலின் பெருந்தசைகள் அனைத்தையும் உட்படுத்தும் வலுப்பயிற்சியை வாரத்துக்கு இரண்டு நாளாவது செய்யவேண்டும் என்று வயது வந்தோர் எல்லோருக்கும் பரிந்துரைக்கின்றன. ஜிம்முக்குப் போய்வரும் நேரமும், மாதக் கட்டணமும், கூட்டத்தில் பயிற்சி செய்யத் தயங்கும் மனநிலையும் பலரை இந்தப் பரிந்துரையிலிருந்து விலக்கிவைப்பதால், வீட்டிலேயே ஓர் அறையை ஒதுக்கும் எண்ணம் பரவி வருகிறது. ஆனால் எண்ணம் வந்ததும் முதலில் நடப்பது பொருள் வாங்குவதாக இருப்பதால், பல வீடுகளில் அந்த அறை சில மாதங்களில் துணி காயப்போடும் இடமாகிவிடுகிறது.

வாங்குவதற்கு முன் கேட்கவேண்டிய கேள்விகள் இரண்டே. இந்தக் கருவியில் சுமையைச் சிறிது சிறிதாகக் கூட்ட முடியுமா என்பது முதலாவது. தூக்கமுடியாமல் போகும் கணத்தில் எடை எங்கே போய் விழும் என்பது இரண்டாவது. கம்பி, பிளேட், ஸ்டாண்டு, தரை ஆகிய நான்கைப் பற்றிய முடிவுகளும் இவ்விரு கேள்விகளுக்கான விடைகளாகவே அமைகின்றன.

சுமையைக் கூட்டும் வழி

தென்மாவட்டக் கிராமங்களில் இளைஞர்கள் தூக்கிக் காட்டும் இளவட்டக்கல்லை எடுத்துக்கொண்டால், அது வலுவைச் சோதிக்குமே தவிர வளர்க்காது. ஏனெனில் அதன் எடை ஒன்றே, முடிந்தவர் தூக்குகிறார், முடியாதவருக்கு நடுவில் ஏறிச்செல்லப் படிகள் இல்லை. தண்டாலிலும் பஸ்கியிலும் சுமை என்பது அவரவர் உடல் எடையே ஆகையால், தொடக்கத்தில் வலு விரைவாக வளர்ந்தாலும், ஒரே மூச்சில் முப்பது நாற்பது எடுக்கத் தொடங்கியபின் வளர்வது பெரும்பாலும் தசையின் தாக்குப்பிடிக்கும் திறனே. இந்தத் தடையைக் கடக்கவே எடையைக் கூட்டிக் குறைக்கக்கூடிய பார்பெல் தோன்றியது. 1902இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஆலன் கால்வர்ட் தொடங்கிய மைலோ பார்பெல் நிறுவனம், அத்தகைய பார்பெல்லைத் தயாரித்து வீடுகளுக்கே அனுப்பி விற்றதால், வீட்டு ஜிம் என்பதன் வரலாறு நூறாண்டுகளுக்கும் மேற்பட்டது.

இன்று கடைகளில் கிடைக்கும் பார்பெல் கம்பிகள் இருவகைப்படும். போட்டிகளில் பயன்படும் ஒலிம்பிக் பார் ஆண்களுக்கு 2.2 மீட்டர் நீளமும் 20 கிலோ எடையும் கொண்டது, பெண்களுக்கானது 2.01 மீட்டரும் 15 கிலோவும் ஆகும். பிளேட் மாட்டும் இரு முனைகளும் 50 மில்லிமீட்டர் தடிமனான, சுழலக்கூடிய குழல்களாக இருப்பதால், கம்பியைத் தூக்கும்போது பிளேட்டின் சுழற்சி மணிக்கட்டைத் திருகுவதில்லை. மற்றொரு வகை, பிவிசி பிளேட்டுகளோடு ஒரே கட்டாக விற்கப்படும் மூன்று, நான்கு, ஐந்து அடி ராடுகள். இவை கைத்தசைப் பயிற்சிகளுக்குப் போதுமானவை என்றாலும், பிளேட் மாட்டும் முனைகள் போக ஐந்தடி ராடில் எஞ்சும் நடுப்பகுதி பெரும்பாலான ஸ்டாண்டுகளின் அகலத்துக்கு எட்டாது. ஒலிம்பிக் பாரில் இரு குழல்களுக்கும் இடைப்பட்ட தூரம் 131 சென்டிமீட்டர் என்பதைக் கணக்கிட்டே முழு அளவு ஸ்டாண்டுகள் செய்யப்படுகின்றன. மெலிந்த ராடுகளில் எடை ஏறும்போது வளைவு நிலைத்துவிடும் ஆபத்தும் உண்டு. நல்ல பாரின் எஃகு சுமையில் வளைந்து, சுமை நீங்கியதும் நேராகும் தன்மை உடையது. பட்டறையில் சாதாரண இரும்புக் கம்பியைக் கடைந்து செய்த ராடு ஒருமுறை வளைந்தால் வளைந்ததுதான். செலவைக் குறைக்க நினைப்பவர் மற்ற எதில் குறைத்தாலும் பாரில் குறைக்காமல் இருப்பது நல்லது.

பிளேட்டுகளைப் பொறுத்தவரை, சிறிய எடைகளே பெரிய மதிப்புடையவை. 1.25, 2.5, 5, 10, 20 கிலோ என ஒவ்வொன்றிலும் ஒரு ஜோடி இருந்தால், ஒவ்வொரு எடையும் முந்தையதன் இருமடங்காக அமைவதால், 20 கிலோ பாரில் தொடங்கி 97.5 கிலோ வரை 2.5 கிலோ இடைவெளியில் எல்லா எடைகளையும் அடையலாம். ஐந்தே ஜோடி பிளேட்டுகள் முப்பத்திரண்டு படிகளைத் தருகின்றன. இதே நோக்கில் டம்பெல்லைப் பார்த்தால் அதன் குறை புலப்படும்: 10 கிலோ டம்பெல்லிலிருந்து 12.5 கிலோவுக்குப் போவது ஒரே தாவலில் 25 சதவீத உயர்வு. 40 கிலோ பார்பெல்லை 42.5 ஆக்குவது ஆறு சதவீதத்தைச் சற்றே தாண்டும் உயர்வு. டம்பெல் வாங்குவோர், பிளேட் மாற்றக்கூடிய வகையை வாங்குவது இதனால்தான் பொருத்தமாகிறது. வார்ப்பிரும்புப் பிளேட்டுகள் தேய்ந்து போவதில்லை என்பதால், மூடப்படும் ஜிம்களிலிருந்து பழையதாக வாங்குவதில் இழப்பேதும் இல்லை. வாங்கும்போது தராசில் நிறுத்துப் பார்த்துக்கொள்வது மட்டும் தேவை.

பிளேட்டின் விட்டத்துக்கும் ஒரு முக்கியத்துவம் உண்டு. தரையில் கிடக்கும் பாரை நிமிர்ந்து தூக்கி நிற்கும் டெட்லிஃப்ட் பயிற்சியில், 45 சென்டிமீட்டர் விட்டமுள்ள முழு அளவுப் பிளேட் மாட்டினால் கம்பி தரையிலிருந்து 22.5 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும். சிறிய பிளேட் மாட்டினால் அது தாழ்ந்து, தூக்குபவர் முதுகை வளைத்தே எட்டவேண்டியதாகும். எல்லா எடையிலும் ஒரே விட்டமுள்ள ரப்பர் பிளேட்டுகள் இந்தச் சிக்கலைத் தீர்க்கின்றன. அவற்றை வாங்க வசதியில்லாதவர் இருபுறமும் உறுதியான மரக்கட்டைகளின்மேல் பாரை வைத்துத் தொடங்கலாம்.

எடை விழும் இடம்

வீட்டில் பயிற்சி செய்பவர் பெரும்பாலும் தனியாகவே செய்கிறார். ஜிம்மில் தலைமாட்டில் நின்று பாரைப் பிடித்துக்கொள்ள ஒருவர் இருப்பார். வீட்டில் அந்த வேலையை ஸ்டாண்டு செய்தாகவேண்டும். நான்கு தூண்களும், உள்ளே விரும்பிய உயரத்தில் பொருத்தக்கூடிய இரு குறுக்குக் கம்பிகளும் கொண்ட கூண்டு போன்ற அமைப்பு பவர் ராக் எனப்படுகிறது. தோளில் பாரைச் சுமந்து குந்தி எழும் ஸ்குவாட் பயிற்சியில், முழுதாகக் குந்திய நிலையில் பார் இருக்கும் உயரத்துக்குச் சற்றுக் கீழே குறுக்குக் கம்பிகளைப் பொருத்தவேண்டும். எழமுடியாமல் போனால் அப்படியே மேலும் சற்றுத் தாழ்ந்து பாரை அவற்றின்மேல் இறக்கிவிட்டு வெளியேறலாம். பெஞ்சில் மல்லாந்து படுத்துப் பாரை மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ் பயிற்சியில், நெஞ்சை நிமிர்த்தியபோது பார் நெஞ்சைத் தொடவும், நெஞ்சைத் தளர்த்தினால் பார் குறுக்குக் கம்பியில் அமரவும் ஏற்ற உயரம் வேண்டும். எந்த நிலையிலும் குறுக்குக் கம்பி கழுத்துக்கு மேலேயே நிற்கவேண்டும்.

பவர் ராக் இல்லாதவர் தனியாக பெஞ்ச் பிரஸ் செய்யாமல், டம்பெல்லைக்கொண்டு செய்வதே பாதுகாப்பானது, ஏனெனில் முடியாமல் போனால் அவற்றைப் பக்கவாட்டில் இறக்கிவிடலாம். வேறு வழியின்றி பார்பெல்லைப் பயன்படுத்தினால், பிளேட் நழுவாமல் தடுக்கும் லாக்குகளை அந்த ஒரு பயிற்சிக்கு மட்டும் மாட்டாமல் விடுவது உயிர்காக்கும் வழக்கமாகும்; பார் மார்பில் சிக்கிக்கொண்டால் ஒரு பக்கம் சாய்த்துப் பிளேட்டுகளை உதறிவிட்டு விடுபடலாம். ஸ்டாண்டில் இருக்கும் பாரின் ஒரு முனையிலிருந்து எல்லாப் பிளேட்டுகளையும் கழற்றினால் மறுமுனையின் கனத்தால் பார் குடைசாயும் என்பதால், இருபுறமும் மாறிமாறிக் கழற்றுவதும் தொடக்கத்திலேயே பழகவேண்டியது.

வெல்டிங் பட்டறையில் ராக் செய்துகொள்ளும் வழக்கம் தமிழகத்தில் உண்டு, அது தவறும் அன்று. கனமான ராக்குகளில் குழாய்ச் சுவரின் தடிமன் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் இருப்பதை அளவுகோலாகக் கொள்ளலாம். துளைகள் இருபுறமும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்பதையும், முழுச் சுமையோடு ஆளில்லாமல் பாரை அதன்மேல் இறக்கியபோது பற்றவைத்த இடங்கள் அசையாமல் நிற்கின்றனவா என்பதையும் சோதித்தபின்பே அதை நம்பவேண்டும்.

அறையும் தரையும்

பத்தடிக்குப் பத்தடி அறை 3.05 மீட்டர் அகலமுடையது. அதில் 2.2 மீட்டர் பாரை வைத்தால் இருபுறமும் 42 சென்டிமீட்டர் எஞ்சும். பிளேட் மாட்ட இது போதும், ஆனால் நெருக்கமே. உயரத்தில்தான் கவனிக்கப்படாத சிக்கல் ஒன்று இருக்கிறது. குடியிருப்பு அறைகளுக்கு இந்தியத் தேசியக் கட்டடவிதித் தொகுப்பு கூறும் குறைந்த அளவு உயரம் 2.75 மீட்டர், அதில் மின்விசிறியின் இறக்கைகள் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் கீழே சுழலும். 170 சென்டிமீட்டர் உயரமுள்ளவர் நின்றுகொண்டு பாரைத் தலைக்குமேல் தூக்கினால் கம்பி ஏறத்தாழ 2.1 மீட்டரிலும், முழு அளவுப் பிளேட்டின் மேல்விளிம்பு அதற்கும் 22 சென்டிமீட்டர் மேலேயும் இருக்கும் என்பதால், விசிறிக்கும் பிளேட்டுக்கும் ஒரு சாண் இடைவெளிகூட மிஞ்சாது. கூரை விசிறியைக் கழற்றிவிட்டுச் சுவர் விசிறி மாட்டுவதே இதற்குத் தீர்வு.

மாடி வீட்டினர் முதலில் கேட்பது தளம் தாங்குமா என்பதே. வீட்டு அறைகளின் தளத்தை ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ சுமைக்கு வடிவமைக்கவேண்டும் என்பது ஐஎஸ் 875 என்ற இந்தியத் தரநிலையின் விதி. பார், பிளேட், ராக், பெஞ்ச், தூக்குபவர் எல்லாம் சேர்ந்து 300 கிலோ என்றாலும், 9.3 சதுர மீட்டர் அறையில் அது சதுர மீட்டருக்கு 32 கிலோ அளவே. ஆகவே ஒழுங்காகக் கட்டிய கான்கிரீட் தளத்துக்கு நிற்கும் எடையால் ஆபத்தில்லை. ஆபத்து விழும் எடையால் வருவது. ஒரு கணத்தில் நிறுத்தப்படும் 80 கிலோ பார் தன் எடையைப்போலப் பல மடங்கு விசையைச் சிறு பரப்பில் செலுத்துவதால் டைல்ஸ் விரிசல் விடுகிறது, கீழ்வீட்டுக்காரர் மாடியேறி வருகிறார். குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிய இரு 18 மில்லிமீட்டர் பிளைவுட் பலகைகளும், அவற்றின்மேல் அரைத்த டயர் ரப்பரால் செய்த கனத்த விரிப்பும் அந்த விசையைப் பரப்பித் தணிக்கும். பாரைப் போடாமல் கையோடு இறக்குவது அதைவிடச் சிறந்த தற்காப்பு. மரக்கட்டைகள் தாங்கும் பழைய மெட்ராஸ் டெரஸ் வகைத் தளங்களிலும், தூணின்றி நீட்டிய பால்கனிகளிலும் பொறியாளரைக் கேட்காமல் எடை ஏற்றலாகாது. மொட்டைமாடித் தகரக் கொட்டகையில் எடை சிக்கலாகாவிட்டாலும், கோடைப் பகலில் வெப்பம் சிக்கலாகும்.

சென்னை, தூத்துக்குடி, நாகை போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றும் வியர்வையும் சேர்ந்து இரும்பை விரைவில் துருப்பிடிக்க வைக்கின்றன. துருப்பிடிக்காத எஃகும் கெட்டி குரோம் பூச்சும் இதை நன்கு தாங்கும்; கருநிற ஆக்சைடு பூச்சு விரைவில் தோற்கும். பயிற்சி முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, அவ்வப்போது நைலான் பிரஷால் தேய்த்து, தையல் மெஷின் எண்ணெயை மெல்லியதாகத் தடவினால் சாதாரணப் பாரும் நெடுங்காலம் உழைக்கும்.

தொடங்கும் முறை

ஸ்குவாட், டெட்லிஃப்ட், பெஞ்ச் பிரஸ், தலைக்குமேல் தூக்கும் பிரஸ், பாரைத் தன்பால் இழுக்கும் ரோ ஆகிய ஐந்தும் உடலின் பெருந்தசைகள் அனைத்தையும் உட்படுத்துபவை. வாரம் மூன்று நாள், நாளுக்கு இவற்றில் மூன்று, ஒவ்வொன்றிலும் எட்டு முறை தூக்கும் மூன்று சுற்றுகள் என்பது புதியவருக்குப் போதுமான அளவு. வெறும் 20 கிலோ பாரே சிலருக்குக் கனமாகப் படும். அவர்கள் 15 கிலோ பாரிலோ மெலிந்த ராடிலோ தொடங்குவதில் குறைவேதும் இல்லை. எல்லாச் சுற்றுகளையும் நெறிதவறாமல் முடித்தபின் அடுத்த முறை 2.5 கிலோ கூட்டி, நாளையும் எடையையும் முறைகளையும் ஒரு நோட்டில் எழுதிவரவேண்டும். கனமான எடையை மூச்சடக்கித் தூக்கும்போது இரத்த அழுத்தம் வெகுவாக உயர்வதால், இதயநோய், உயர் இரத்த அழுத்தம், குடலிறக்கம் உள்ளவர்கள் மருத்துவரின் ஒப்புதலுடனேயே தொடங்கவேண்டும்; சிறுவர்கள் உள்ள வீட்டில் அறைக்குப் பூட்டும் வேண்டும்.

இவ்வாறு பார்த்தால் வாங்கும் வரிசையும் தானே தெளிவாகிறது: முதலில் தரைவிரிப்பும் பாரும் ஐந்து ஜோடி பிளேட்டுகளும், அடுத்து குறுக்குக் கம்பிகளுள்ள ராக், அதன்பின் பெஞ்ச். கேபிள் இயந்திரமும் பல்வகை ராடுகளும் அதற்குமேல் வருபவை. எட்டு மாதம் எழுதிய நோட்டில் எந்தப் பயிற்சி எந்த எடையில் நின்றுபோயிருக்கிறது என்பதைப் பார்த்து, அந்தத் தடையை நீக்குவதற்கு எது தேவையோ அதை மட்டும் வாங்குபவரின் அறையில், பயன்படாத கருவிக்கு இடம் இருக்காது.