ஜாதகக் கட்டத்தை நாமே படிக்கலாம்

பீரோவில் கிடக்கும் ஜாதக நோட்டைப் பிரித்தால் பன்னிரண்டு கட்டங்கள், அவற்றுக்குள் சூ, சந், செ, ல என்று எழுத்துகள். ஜோசியரிடம் நீட்டுவதற்கு முன் நாமே ஒருமுறை படித்துப் பார்க்கலாம். அது பிறந்த நேரத்து வானத்தின் படம்தான். கணித்ததில் பெரிய பிழை இருந்தால் கட்டமே காட்டிக்கொடுத்துவிடும்.

மேல் வரிசையின் இடது மூலை மீனம். அதற்கு வலப்பக்கம் மேஷம். அங்கிருந்து கடிகார முள் சுற்றும் திசையில் ரிஷபம், மிதுனம் என்று எண்ணிக்கொண்டு போக வேண்டும்.

முதலில் சூரியனைப் பாருங்கள். சித்திரையில் பிறந்தவருக்கு மேஷத்திலும், ஆவணியில் பிறந்தவருக்குச் சிம்மத்திலும், தையில் பிறந்தவருக்கு மகரத்திலும் இருக்கும். புதன் சூரியனோடு ஒரே கட்டத்தில் இருக்கும். இல்லாவிட்டால் பக்கத்துக் கட்டம். ராகுவும் கேதுவும் எப்போதும் நேரெதிர். பௌர்ணமியை ஒட்டிப் பிறந்தவருக்குச் சந்திரன் சூரியனுக்கு எதிர்ப்பக்கம் நிற்கும்.

அடுத்தது லக்னம், அதாவது பிறந்த நேரத்தில் கிழக்கே உதித்துக்கொண்டிருந்த ராசி. சூரியோதயத்தில் பிறந்தவருக்குச் சூரியன் இருக்கும் கட்டமே லக்னம். நண்பகல் பிறப்பென்றால் லக்னத்திலிருந்து பத்தாம் வீட்டை ஒட்டியும், அந்தி என்றால் ஏழாம் வீட்டை ஒட்டியும் சூரியன் இருக்கும். சுமார் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை லக்னம் மாறும். அதனால் பிறந்த நேரம் தப்பினால் வீட்டுக் கணக்கு மொத்தமும் தப்பும்.

வீடுகளை லக்னத்திலிருந்து எண்ணுவார்கள். 1, 4, 7, 10 கேந்திரம். 1, 5, 9 திரிகோணம். 6, 8, 12 மறைவு ஸ்தானம். பார்வைக்குக் கிரகம் நிற்கும் கட்டத்தையே ஒன்றாக வைத்து எண்ண வேண்டும். எல்லாக் கிரகங்களுக்கும் ஏழாம் பார்வை உண்டு. செவ்வாய்க்குக் கூடுதலாக 4, 8. குருவுக்கு 5, 9. சனிக்கு 3, 10. கடகத்தில் குரு என்றால் அது விருச்சிகம், மகரம், மீனம் மூன்றையும் பார்க்கிறது.

கடைசியில் யோகம். சந்திரனுக்குக் கேந்திரத்தில் குரு இருந்தால் கஜகேசரி. பேரைக் கேட்டதும் நெஞ்சு நிமிரும். ஆனால் குரு ஒரு ராசியில் ஏறக்குறைய ஓராண்டு தங்குகிறது. சந்திரனோ 27 நாளில் பன்னிரண்டையும் சுற்றி வந்துவிடுகிறது. பன்னிரண்டில் நாலு கட்டம் கேந்திரம் என்பதால், மூன்று பேரில் ஒருவருக்கு இந்த அமைப்பு இருக்கும். அதனால்தான் அனுபவப்பட்ட ஜோசியர்கள் யோகத்தின் பேரோடு நிற்பதில்லை. குரு கடகத்தில் உச்சமா, மகரத்தில் நீசமா, எந்த வீட்டுக்கு அதிபதி, யார் பார்வையில் இருக்கிறது என்று மேலும் பார்ப்பார்கள்.

இதுவரை பார்த்த கிரக நிலைகள் வானக் கணக்கு, யாரும் சரிபார்க்கலாம். பலன் என்பது நம்பிக்கை. அதற்கு அறிவியல் சான்று கிடையாது. ஒருவர் ‘அபூர்வ யோகம்’ என்றோ ‘பெரிய தோஷம்’ என்றோ சொன்னால், பரிகாரச் செலவை விசாரிக்கும் முன், “இந்த அமைப்பு எத்தனை பேருக்கு இருக்கும்?” என்று கேளுங்கள்.