நகரம் வரையும் கைகள் – 7: புல எண் வாரியாக மாறும் தாம்பரம்

ஒரு நிலத்தில் எதைக் கட்டலாம் என்பது உரிமையாளரின் விருப்பத்தை மட்டும் பொறுத்ததன்று. 2008 செப்டம்பர் 2 அன்று அரசிதழில் வெளியான சென்னைப் பெருநகரின் இரண்டாவது முழுமைத் திட்டம், 2026 வரையிலான வளர்ச்சியைக் கருத்திற்கொண்டு, 1,189 சதுர கிலோமீட்டர் பரப்பைக் குடியிருப்பு, வணிகம், தொழில், நிறுவனம், திறந்தவெளி, வேளாண்மை முதலிய உபயோகப் பகுதிகளாக வகுத்துள்ளது. அந்த வகைப்பாட்டுக்கு ஒவ்வாத கட்டடம் எழுப்ப விரும்புவோர், திட்ட அனுமதி கோரும் முன், வகைப்பாட்டையே மாற்றித் தருமாறு சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்திடம், அதாவது சி.எம்.டி.ஏ.விடம் விண்ணப்பிக்க வேண்டும். மறுவகைப்பாடு எனப்படும் இந்த நடைமுறைக்கு 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 32(4) பிரிவு இடமளிக்கிறது.

விண்ணப்பம் துறைகளின் கருத்துக்குச் செல்கிறது. நாளிதழ் அறிவிப்பின் வழியே பொதுமக்களின் ஆட்சேபணைகள் 21 நாட்களுக்குள் கோரப்படுகின்றன. தொழில்நுட்பக் குழுவின் ஆய்வுக்குப்பின் குழுமம் முடிவெடுக்கிறது. ஒப்புதல் கிடைத்தால் அரசிதழில் வரும் அறிவிப்பு சில வரிகளே கொண்டது: வட்டம், கிராமம், புல எண், பரப்பு, பழைய வகைப்பாடு, புதிய வகைப்பாடு. அதைப் படிப்பவர், அந்த நிலத்தின் வழியே எந்த ஏரியின் உபரிநீர் செல்கிறது என்பதை அறிய வழியில்லை.

தாம்பரத்தில் இக்குறை சிறியதன்று. மேற்கே முடிச்சூர், பெருங்களத்தூர்ப் பகுதிகளின் மழைநீர் அடையாற்றை நாடுகிறது. கிழக்கே சேலையூர், இராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் ஏரிகளின் உபரிநீர், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகள் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தைச் சேர்கிறது. 2015 டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானபோது, முடிச்சூரில் அடையாற்று வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. தாழ்வான மனைகளுக்கு நீர்வளத்துறை தடையின்மைச் சான்று வழங்கும்போது, நிலமட்டத்தை மண்ணிட்டு உயர்த்துமாறு நிபந்தனை விதிப்பது வழக்கம். அது அந்த மனையைக் காக்கும். ஆனால் முன்பு அங்கே தேங்கிய நீர் அடுத்த தெருவுக்குப் போகும். தனித்தனியே பார்த்தால் நியாயமாகத் தோன்றும் பத்து அனுமதிகள், ஒன்றுசேரும்போது ஒரு வடிநிலத்தின் இயல்பையே மாற்றிவிடக்கூடும்.

இந்த உண்மையை நீதியமைப்பு ஏற்கத் தொடங்கியுள்ளது. 2022இல் ராம்சர் உடன்படிக்கையின்கீழ்ப் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட பள்ளிக்கரணையைச் சுற்றி 1 கிலோமீட்டர் வரை, சதுப்புநிலத்தின் தாக்கப் பகுதியை வரையறுக்கும் ஆய்வு முடியும்வரை திட்ட அனுமதி வழங்கக் கூடாதென்று தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2025இல் உத்தரவிட்டது. எனினும் சதுப்புநிலத்துக்கு நீர் வந்து சேரும் தாம்பரத்துச் சரிவு அந்த 1 கிலோமீட்டரோடு முடிவதில்லை.

ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து 2021 நவம்பரில் உருவான தாம்பரம் மாநகராட்சியின் எல்லைக்குள் இன்று இந்த ஏரிச் சங்கிலியின் பெரும்பகுதி அடங்குகிறது. ஆதலால் மூன்றாவது முழுமைத் திட்டம் தயாராகிவரும் இவ்வேளையில், ஒவ்வொரு மறுவகைப்பாட்டையும் அது விழும் வடிநிலத்தில் ஏற்கெனவே தரப்பட்ட மாற்றங்களோடு சேர்த்து எடைபோடும் விதியும், அந்தக் கணக்கை ஆட்சேபணை அறிவிப்போடு பொதுமக்கள் முன் வைக்கும் கடமையும் சட்டத்திலேயே இடம்பெற வேண்டும். அப்போதுதான் அந்த 21 நாட்கள், கீழ்ச்சரிவில் குடியிருப்போர் காரணம் காட்டி வாதிடக்கூடிய உண்மையான வாய்ப்பாக அமையும்.

(தொடரும்)