மலைத் தோட்டத்துக்கு ஏற்ற உழவு யந்திரம்

நீலகிரி ஜில்லாவில் உருளைக்கிழங்கு, காரட், முட்டைக்கோஸ், பூண்டு முதலியவற்றைப் பயிரிடும் குடியானவர்களில் பலர் சிறு நிலமுடையவர்கள். அந்நிலமும் ஒரே பரப்பாயிராமல், மலைச்சரிவில் படிப்படியாக அமைந்திருக்கும். கொத்துவேலைக்கு ஆள் கிடைப்பது அருமையாகிவிட்டபடியால், கையால் நடத்தும் சிறு உழவு யந்திரங்களைப் பலரும் நாடுகின்றனர். வாங்குவோர் சாதாரணமாக முதலில் விசாரிப்பது அதன் குதிரைசக்தியை. மலையில் முதலில் விசாரிக்க வேண்டியது அதன் எடையை.

எடை: பவர் டில்லர் எனப்படும் பெரிய யந்திரம் 8 முதல் 15 குதிரைசக்தி உடையது, 300 கிலோவுக்கு மேல் கனமுள்ளது. சமவெளி வயலுக்கு அது சிலாக்கியமானதே. குறுகிய படிகளில் அதைத் திருப்புவது கடினம். படியின் ஓரத்தில் மண் சரிந்தால் யந்திரமும் அதை நடத்துபவரும் சேர்ந்து கீழ்ப்படியில் விழ நேரிடும். ஆகையால், இரண்டு ஆட்கள் ஒரு படியிலிருந்து மறு படிக்குத் தூக்கிச் செல்லக்கூடிய சிறு யந்திரமே இங்கு உகந்தது. கைப்பிடியை விட்டவுடன் கத்திகள் சுழலாமல் நின்றுவிடும் அமைப்பு அதில் அவசியம் இருக்க வேண்டும்.

சக்தி: உதகமண்டலம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ளது. அங்கே காற்று அடர்த்தி குறைந்திருப்பதால், சாதாரணப் பெட்ரோல் யந்திரத்தின் சக்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். அதாவது, 5 குதிரைசக்தி எனக் குறிக்கப்பட்ட யந்திரம் 4 குதிரைசக்தியே தரும். கையில் எடுத்துச் செல்லும் மின்சார ஜெனரேட்டருக்கும் இது பொருந்தும். மேலும், தண்ணீர் இறைக்கும் மோட்டார் ஓடத் தொடங்கும்போது, ஓடும்போது வேண்டியதைப்போல் பன்மடங்கு மின்சாரத்தை இழுக்கும். இவ்விரண்டையும் கணக்கிடாமல் வாங்கிய ஜெனரேட்டர் மோட்டாரைக் கிளப்பாது. பாட்டரியால் ஓடும் யந்திரத்துக்கு உயரத்தால் குறைவில்லை. ஆனால் அது சிறிது நேரமே உழைக்குமாதலால் காய்கறிப் பாத்திகளுக்கே போதும்.

மண்: சுழல் கத்திகள் மண்ணைப் பொடியாக்கிவிடும். பொடியான மண் சரிவில் முதல் கனமழைக்கே அடித்துச் செல்லப்படும். இம்மலைகளில் மண் அரிப்பு எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு, 1954-ஆம் ஆண்டில் உதகமண்டலத்தில் மண், நீர்ப் பாதுகாப்புக்கென ஆராய்ச்சி நிலையம் ஏற்படுத்தப்பட்டதே சான்று. ஆதலால் சரிவுக்குக் குறுக்காகவே உழ வேண்டும். ஒரே இடத்தில் பலமுறை ஓட்டலாகாது. ஈரம் மிகுந்த மண்ணிலும் ஓட்டலாகாது. படியின் வெளியோரத்தில் ஒரு முழ அகலம் உழாமல் விட்டு, அதில் புல் வளர்ப்பது நலம்.

வாடகை யந்திரம்: ஆண்டில் சில நாட்களே வேலை இருக்கும்போது, சிலர் கூடி ஒரு யந்திரத்தை வாங்குவதோ வாடகைக்கு எடுப்பதோ சிக்கனமான வழி. இதில் ஓர் அபாயம் உண்டு. உருளைக்கிழங்கின் வேரைத் தாக்கும் முட்டைக்கூட்டு நூற்புழு இந்தியாவில் முதன்முதல் 1961-ஆம் ஆண்டில் நீலகிரியிலேயே காணப்பட்டது. கடுகினும் சிறிய அதன் கூடுகளில் நூற்றுக்கணக்கான முட்டைகள் அடங்கியிருக்கும். கிழங்கே பயிரிடாவிடினும் அவை பல ஆண்டுகள் மண்ணில் உயிருடனிருக்கும். கத்தியிலும் சக்கரத்திலும் ஒட்டிய ஒரு பிடி மண்ணே புழுவை ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டு சேர்க்கப் போதுமானது. ஒருமுறை புகுந்தால் அதை அடியோடு ஒழிப்பது அரிது. ஆகவே, வாடகை யந்திரம் வரும்போதும் திரும்பும்போதும் மண்ணைச் சுரண்டி, நீரால் நன்கு கழுவ வேண்டும். கழுவிய நீர் பயிர்நிலத்தில் பாயாதபடி பார்த்துக்கொள்வது முக்கியம். நடத்துபவரின் காலணிகளையும் அவ்வாறே சுத்தம் செய்தல் வேண்டும்.

பத்து சென்டுக்கு உட்பட்ட தோட்டத்துக்கு நல்ல மண்வெட்டியும் களைக்கொத்துமே போதுமானவை. அதற்கு மேற்பட்ட நிலமுடையவர்கள், விற்பவரின் முற்றத்தில் ஓட்டிப் பார்ப்பதோடு திருப்தியடையாமல், தங்கள் நிலத்தின் மிகக் குறுகிய படியில் ஓட்டிக் காட்டச் சொல்லி, அங்கே அது தடையின்றித் திரும்பினால் மட்டும் விலை பேசுவார்களாக.